எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண்

கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கேரளத்துக்குள் நுழைகிறவருக்கு, மாநிலம் மாறிவிட்டது என்பது பெயர்ப் பலகைகளைப் பார்த்தால்தான் தெரியும். காதில் விழும் பேச்சை வைத்துச் சொல்ல முடியாது. டீக்கடை பெஞ்சில் 'ஏனுங்க, எங்கீங்க போகோணும்?' என்று கேட்கும் அதே கொங்குத் தமிழ்தான் இரண்டு பக்கமும். வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி - பாலக்காடு மாவட்டத்தின் இந்தக் கிழக்கோரப் பஞ்சாயத்துகளில் தமிழ் பேசுகிறவர்களே அதிகம். இவை சித்தூர் தாலுகாவைச் சேர்ந்தவை. பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில் சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தின் கையில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தபோது இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. கோடுகளை யார் யாரோ போட்டார்கள், அழித்தார்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் கோட்டைப் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டேதான் இருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் சினிமாவும் இரண்டு. பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பஸ் ஏறினால் தமிழ்ப் படம், சித்தூர், பாலக்காடு பக்கம் போனால் மலையாளப் படமும் தமிழ்ப் படமும். இரண்டையும் விடாமல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை புலப்பட்டிருக்கும். தமிழ்ப் பட நாயகன் உருகி உருகிக் காதலிக்கும் பெண் மலையாளியாக இருப்பாள். மலையாளப் பட நாயகன் மறக்க முடியாமல் தவிக்கும் பெண் தமிழச்சியாக இருப்பாள்.

உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. சேரனின் 'ஆட்டோகிராஃப்' (2004) நாயகன் செந்தில், ஊரில் தொடங்கிய பள்ளிக்கூடக் காதலை இழந்த பிறகு கேரளத்தில் லத்திகாவைச் சந்திக்கிறான். கௌதம் மேனனின் 'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010) நாயகன் கார்த்திக், வீட்டுக்காரரின் மகளான ஜெஸ்ஸியைப் பார்த்த நொடியில் விழுந்து, அவளைத் தேடி ஆலப்புழை வரை போகிறான். அல்போன்ஸ் புத்திரனின் 'பிரேமம்' (2015) இதைத் தலைகீழாக்கியது. ஆலுவாக் கல்லூரி மாணவன் ஜார்ஜ், தமிழ்நாட்டிலிருந்து பாடம் நடத்த வரும் மலரிடம் மனதைப் பறிகொடுக்கிறான். இந்தப் படம் தமிழில் மொழிமாற்றம் செய்யப்படாமலேயே சென்னையில் 200 நாட்களைத் தாண்டி ஓடியது. தன் ஊர்ப் பெண் அயலாரின் கனவாக இருப்பதைப் பார்ப்பதில் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு கிறக்கம் இருந்திருக்க வேண்டும்.

காதல் என்றாலே கொஞ்சம் அந்நியம் தேவைப்படுகிறது சினிமாவுக்கு. பக்கத்து வீட்டுப் பெண்ணைவிடப் பக்கத்து மாநிலப் பெண் வசதி. அவளுடைய பாஷை பாதி புரியும், பாதி புரியாது. புரியாத பாதியில் எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் வடகரப்பதியில் அந்த அந்நியப் பெண் அதே பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் மண்ணெண்ணெய் வாங்கிப் போயிருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு எத்தனை ஏக்கர், அண்ணன் எந்தக் கட்சி, என்ன சாதி எல்லாம் தெரியும். மர்மத்துக்கு இடமே இல்லை. சினிமா முதல் காதல் என்று காட்டுவதற்கும், எல்லையோரத்தில் நிஜமாகவே ஒரு பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான்.

இன்னொரு வித்தியாசம் மழை. மலையாள சினிமாவில் காதல் வந்தால் மழையும் வந்துவிடும். பத்மராஜனின் 'தூவானத்தும்பிகள்' (1987) பார்த்தவர்களுக்கு மழையில்லாமல் கிளாராவை நினைக்க முடியாது. வடகரப்பதியும் கேரளம்தான் என்றாலும் கேரளத்தின் மழை அந்த அளவுக்கு இங்கே எட்டுவதில்லை. மழை மறைவுப் பிரதேசம். கரிசல் மண், கடலைக்காய், கரும்பு, தென்னை, வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் பனை. கால்வாயில் ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்பதே பல வருஷங்களில் பேச்சு. தமிழ் சினிமாவின் செல்லப் பிரதேசமான பொள்ளாச்சி அருகில்தான் இருக்கிறது, ஆனால் காமிரா இந்தப் பக்கம் அதிகம் திரும்பியதில்லை. இரண்டு சினிமாக்களின் காதல் நிலக்காட்சிக்கும் இடையில் விழுந்த ஊர் இது.

இத்தனைக்கும் தமிழ்க் காதலுக்குக் குரலும் முகமும் கொடுத்ததில் கேரளத்தின் பங்கு, அதிலும் இந்த வட்டாரத்தின் பங்கு, கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்கள் எந்த மெட்டுகளை முணுமுணுத்துக் காதலித்தார்களோ, அவற்றில் கணிசமானவற்றைப் போட்ட எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-ல் பிறந்தது எலப்புள்ளியில். வடகரப்பதியிலிருந்து அதிக தூரமில்லை. திரையில் காதலைத் துணிச்சலான காரியமாக ஆக்கிய எம்.ஜி.ஆரின் குடும்பம் வாழ்ந்த வடவன்னூரும் சித்தூர் தாலுகாதான். கொடுக்கல் வாங்கல் ஒருவழியானதுமல்ல. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் தயாரானது.

முகங்களின் கதை இன்னும் சுவாரஸ்யம். பாலுமகேந்திராவின் 'அழியாத கோலங்க'ளில் (1979) மூன்று விடலைப் பையன்களின் தூக்கத்தைக் கெடுக்கும் டீச்சராக வந்த ஷோபா மலையாளக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 'அலைகள் ஓய்வதில்லை' (1981) ராதா, 'ஆட்டோகிராஃப்' படத்தின் மல்லிகாவும் கோபிகாவும், 'காதல்' (2004) சந்தியா - எல்லோரும் கேரளத்துப் பெண்கள். அதாவது தஞ்சாவூரிலும் மதுரையிலும் முட்டத்திலும் ஒரு தமிழ் இளைஞன் தன் 'முதல் காதலி'யின் சாயலை எந்த நடிகையிடம் கண்டானோ, அவள் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். பதிலுக்கு, 'பிரேமம்' மலராக மலையாள இளைஞர்களைப் பித்துப்பிடிக்கவைத்த சாய் பல்லவி நீலகிரிக்காரர்.

முகத்தைக் கொடுத்தார்கள் சரி. கதையைக் கொடுத்தார்களா?

முதல் காதலைப் பற்றித் தமிழில் வந்த குறிப்பிடத்தக்க படங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு ஆண் நினைவுகூர்கிறான். தங்கர் பச்சான் தன் 'கல்வெட்டு' சிறுகதையை விரித்து எடுத்த 'அழகி' (2002) படத்தில் சண்முகம் சென்னையில் வசதியான வீட்டில் மனைவி குழந்தைகளோடு இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் உடன் படித்த தனலட்சுமி அதே நகரத்தின் நடைபாதையில் இருக்கிறாள். நினைப்பவனுக்கு வீடு, நினைக்கப்படுபவளுக்கு நடைபாதை. 'ஆட்டோகிராஃப்' செந்தில் தன் கல்யாணப் பத்திரிகையோடு பழைய காதலிகளைத் தேடிப் போகிறபோது, லத்திகா விதவையாக நிற்கிறாள். 'பிரேமம்' இன்னும் ஒரு படி மேலே போனது. மலருக்கு விபத்தில் நினைவே போய்விடுகிறது. நினைவு முழுவதும் ஆணின் சொத்தாகிவிட்டது. (கடைசியில் அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கலாம் என்று ஒரு ஜாடை காட்டப்படுகிறது. அந்த ஜாடையைப் பற்றி விவாதித்துத் தீர்த்தார்கள் ரசிகர்கள். அவள் ஏன் சொல்லவில்லை என்பதை அவ்வளவாக யாரும் கேட்கவில்லை.)

இந்தப் படங்கள் மோசமான படங்கள் என்பதல்ல. 'அழகி'யில் அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடம் எடுக்கப்பட்டிருக்கும் விதத்துக்கு ஈடாகத் தமிழில் வேறு அதிகமில்லை. வலி உண்மையானது. ஆனால் அந்த வலி நாயகனுக்கு ஒரு அழகைத் தருகிறது, அவளுக்கோ தண்டனையாக வருகிறது. நினைவில் அவள் பதினாறு வயதிலேயே நிற்க வேண்டும், நிஜத்திலோ நாசமாகியிருக்க வேண்டும். நன்றாக, சாதாரணமாக, கொஞ்சம் சதை போட்டு, மாமியாரோடு சண்டை பிடித்துக்கொண்டு அவள் வாழ்ந்துவிட்டால் கதாநாயகன் கண்ணீர் விட என்ன இருக்கிறது?

பிரேம்குமாரின் '96' (2018) இதில் கொஞ்சம் விலகி நிற்கும் படம். அதனால்தான் அது பெண்களுக்கும் அவ்வளவு பிடித்துப்போனதோ என்று தோன்றுகிறது. ஜானகி சிங்கப்பூரில் கணவனோடும் மகளோடும் வாழ்கிறாள். பள்ளித் தோழர்களின் சந்திப்புக்காக வருகிறாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் காலத்தை ஓட்டுவது ராம். அதிலும் ஒரு காட்சி. ராமின் மாணவிகள் ஜானகியை அவனுடைய மனைவி என்று நினைத்துக்கொண்டு, நீங்கள் இருவரும் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்கிறார்கள். நடக்காத ஒன்றை நடந்ததுபோல அவள் சொல்லிக்கொண்டே போகிறாள். கல்லூரி வாசலில் வந்து நின்றவனைத் தான் பார்த்துவிட்டதாக, எல்லாம் நல்லபடியாக முடிந்ததாக. படத்தில் அவளுக்குக் கிடைக்கும் முழுச் சுதந்திரம் அந்தப் பொய்யில்தான் இருக்கிறது. ஜெஸ்ஸியாகவும் ஜானகியாகவும் நடித்தவர் த்ரிஷாதான். எட்டு வருஷ இடைவெளியில் ஒரே நடிகை, பார்க்கப்படுகிறவளாக இருந்து பேசுகிறவளாக மாற முடிந்திருக்கிறது. அந்தப் படத்துக்கு இசை கோவிந்த் வசந்தா, கேரளத்துக்காரர். இதையும் சொல்லிவைக்கலாம்.

புத்தகங்களில் நிலைமை என்ன? மலையாளத்தில் முதல் காதலின் பைத்தியக்காரத்தனத்தை மக்கள் இலக்கியமாக ஆக்கியது சங்ஙம்புழையின் 'ரமணன்'. 1936-ல் அவருடைய நண்பரும் கவிஞருமான இடப்பள்ளி ராகவன் பிள்ளை காதல் தோல்வியில் தற்கொலை செய்துகொண்டார். அந்தத் துக்கத்தில் பிறந்தது அந்தக் காவியம். ஏழை ஆட்டிடையன் ரமணன், பணக்கார சந்திரிகா. அவள் வேறு கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள், அவன் உயிரை விடுகிறான். நகல் எடுத்து வைத்துக்கொண்டும், மனப்பாடம் செய்தும் கேரளம் அதைப் பாடியது. சந்திரிகா அதன் பிறகு என்ன ஆனாள் என்பதைப் பற்றிக் காவியம் கவலைப்படவில்லை. பஷீரின் 'பால்யகால சகி' (1944) வேறு ரகம். மஜீதும் சுஹறாவும் மாமரத்தடியில் சண்டை போட்டுச் சிநேகமாகிறவர்கள். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் என்ன என்ற கணக்குக்கு மஜீது சொல்லும் விசித்திர விடைக்காக வாத்தியாரிடம் அடி வாங்கியதை மலையாளம் படித்த எவரும் மறக்க மாட்டார்கள். அவர்களைப் பிரிப்பது வில்லன் இல்லை. வறுமை, வரதட்சணை, ஊர்விட்டுப் போன பிழைப்பு. சினிமா காட்டத் தயங்கும் காரணங்கள் இவைதான்.

தமிழில் பாரதி 1910-ல் வெளியிட்ட தன் சுயசரிதைப் பாட்டில் 'பிள்ளைக் காத'லுக்கென்று ஒரு பகுதியே ஒதுக்கினார். ஒன்பது வயதுப் பெண்ணின் மீது தனக்கு இருந்த பிரேமையை ஒளிக்காமல் எழுதினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதற்கு அங்கேயும் பதில் கிடையாது.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நிலைமை இதைவிட மேலாக இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. குறுந்தொகையில் பெரும்பங்கு பாட்டுகளில் பேசுவது தலைவியும் தோழியும்தான். யார் என்று பெயர் சொல்லக் கூடாது என்பது அகப்பாட்டின் விதி. பெயர் இல்லாததால் ஊர்வாய்க்கு இரையாகாமல் அவள் தன் ஆசையை, சந்தேகத்தை, கோபத்தைச் சொல்ல முடிந்தது. அந்த விதியை ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்றுகூடப் படிக்கலாம்.

ஆனால் அதே சங்க மரபில்தான் மடலேறுதலும் இருக்கிறது. பெண் கிடைக்காதவன் பனைமட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவள் ஊர்த் தெருவில் ஏறி வருவான். ஊர் பார்க்கும். அவன் யாரால் இப்படி ஆனான் என்று தெரிந்துவிடும். அவமானம் தாங்காமல் பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள். பெண்கள் மடலேறக் கூடாது என்கிறது தொல்காப்பியம். (திருமங்கையாழ்வார் தன்னைப் பெண்ணாக வைத்து, பெருமாளுக்காக மடலேறப் போவதாகப் பயமுறுத்திய இரண்டு மடல்களும் அந்த விதியை மீறியவை. பக்தியில் அனுமதி உண்டு.) வடகரப்பதியின் வரப்புகளில் இன்றும் நிற்கும் பனைகளைப் பார்க்கிறபோது இந்தச் சடங்கின் தன்மை உறைக்கிறது. கருக்கு மட்டை தொடையை அறுக்கும். தன்னையே வதைத்துக்கொண்டு அவளை மிரட்டுவதுதான் மடல்.

தமிழ் சினிமா நாயகன் மடலேறிக்கொண்டே இருக்கிறான். பனங்குதிரைக்குப் பதிலாக சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை பின்தொடர்வது, வாசலில் நிற்பது, கையைக் கிழித்துக்கொள்வது, அவள் 'வேண்டாம்' என்பதை 'இன்னும் கொஞ்சம் முயற்சி செய்' என்று புரிந்துகொள்வது. மலையாளப் படங்களுக்கும் இதில் விலக்கு இல்லை. 2013-ல் பெண்ணைப் பின்தொடர்வது குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு வந்தது. 2024 ஜூலை முதல் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-வது பிரிவு. 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது சினிமாக்காரர்கள் கொஞ்ச நாள் தங்களைத் தாங்களே கேள்வி கேட்டுக்கொண்டார்கள். பிறகு பழையபடி பாட்டு, சைக்கிள்.

திரையில் முதல் காதலுக்கு எதிரி யார் என்பதிலும் ஒரு மழுப்பல் உண்டு. 'அலைகள் ஓய்வதில்லை'யில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு நடக்கிறார்கள். 1981-ல் அந்த முடிவுக்குத் தியேட்டரில் கைதட்டல். எறிவதற்கு அவர்களிடம் ஏதோ இருந்தது. எறிய எதுவுமில்லாதவன் கதை வேறு. பாலாஜி சக்திவேலின் 'காதல்' 23 வருஷம் கழித்து அதைக் காட்டியது. மதுரையின் மெக்கானிக் பையன் கடைசியில் புத்தி பேதலித்துத் தெருவில் நிற்கிறான். படம் பார்த்தவர்கள் வெளியே பேசாமல் வந்தார்கள்.

வடகரப்பதிக்காரர்களுக்கு இது தொலைவில் நடக்கும் கதை இல்லை. பொள்ளாச்சியைத் தாண்டினால் வருகிற உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில், கல்லூரியில் காதலித்துச் சாதி மாறி மணந்த இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கண்காணிப்புக் காமிராவில் பதிவான காட்சியை நாடே பார்த்தது. இதெல்லாம் தமிழ்நாட்டுச் சமாசாரம் என்று கேரளம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. 2020 டிசம்பர் 25-ல் பாலக்காடு மாவட்டம் தேங்குறிசியில், காதலித்து மணந்த ஒரு இளைஞர் கொல்லப்பட்டார். பெண்ணின் தந்தைக்கும் மாமாவுக்கும் 2024 அக்டோபரில் பாலக்காடு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. எல்லைக் கோட்டை பஸ்கள் மட்டும் கடப்பதில்லை.

பள்ளிக்கூடக் காதலுக்கு இப்போது சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2012-ன் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. குழந்தைகளைக் காப்பாற்ற வந்த அவசியமான சட்டம்தான். ஆனால் 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் வீட்டைவிட்டுப் போனால், பெண் வீட்டார் கையில் அது ஆயுதமாகிவிடுகிறது. விடலைப் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது என்று 2021 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தபோது சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. திரையில் ஒரு ஆளுயரப் பூங்கொத்தோடு முடிகிற விஷயம் வெளியே போலீஸ் ஸ்டேஷனில் முடிகிறது.

தொலைக்காட்சி இதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன் ரேடியோ. எல்லையோரத்தில் கோவை வானொலியும் திருச்சூர் வானொலியும் இரண்டும் எடுக்கும். 1993 ஏப்ரலில் சன் டிவி, அதே ஆண்டில் ஏஷ்யாநெட். வீட்டில் இருந்தபடி தொலைபேசியில் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சிகள் வந்தன. பெப்சி உமாவின் குரலைக் கேட்க எத்தனை பேர் லைன் கிடைக்காமல் விரல் தேய்ந்தார்கள்! பாட்டை யாருக்குச் சமர்ப்பிக்கிறீர்கள் என்று கேட்டால் அம்மா, அப்பா, சித்தி, எதிர்வீட்டு அக்கா, ஃப்ரெண்ட்ஸ் எல்லோருக்கும் என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் எந்தப் பெயருக்காகப் போன் செய்தார்கள் என்பது சம்பந்தப்பட்ட இருவருக்கு மட்டும் தெரியும். பெயர் சொல்லக் கூடாது என்ற அகப்பாட்டு விதியை டெலிபோன் காலத்தில் இப்படிக் காப்பாற்றினார்கள்.

சீரியல்கள் வந்த பிறகு அந்த நாசூக்கும் போயிற்று. சீரியலில் கதை கல்யாணத்தில்தான் தொடங்கும். முதல் காதல் என்பது நாயகியின் கடந்த காலத்தில் ஒளிந்திருக்கும் வெடிகுண்டு. பழைய கடிதமாகவோ போட்டோவாகவோ வந்து குடும்பத்தைக் கலைக்கும். 2006-ல் விஜய் டிவியில் வந்த 'கனா காணும் காலங்கள்' போன்ற பள்ளிக்கூடத் தொடர்கள் சற்று மூச்சுவிட வைத்தன. மற்றபடி, பெண்ணுக்கு முன்பு ஒருவனைப் பிடித்திருந்தது என்பது 200 எபிசோட் குற்றப்பத்திரிகை.

அவள் தரப்பிலிருந்து சொல்லப்பட்ட கதை இல்லாமலில்லை. மாதவிக்குட்டி எழுதிய 'நஷ்டப்பெட்ட நீலாம்பரி'யில் டாக்டர் சுபத்ரா நடுவயதில் மதுரைக்குப் போகிறாள். பெண்ணாக இருந்தபோது தனக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த ராமானுஜ சாஸ்திரிகளைத் தேடி. பத்திரிகை இல்லை, கண்ணீர் வழியும் பின்னணி இசை இல்லை, தன் விருப்பத்தின் பேரில், தன் காசில். எல்லை தாண்டி வருவது இங்கே பெண். கனவாக இருப்பது தமிழ் ஆண். லெனின் ராஜேந்திரன் 2000-ல் இதை 'மழ' என்று படமாக்கினார். தமிழ் நாயகர்களின் நினைவுப் பயணங்களைக் கொண்டாடியவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய படம்.

வடகரப்பதியில் 1979-ல் பிறந்த ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். '96' ஜானகியின் வயதுதான். தமிழ் மீடியத்தில் படித்து, தமிழ்த்துறை இருக்கிற சித்தூர் அரசுக் கல்லூரிக்கு பஸ்ஸில் போய் வந்தவள். அதே பஸ்ஸில் மலையாள மீடியத்தில் படித்த ஒருவன். இருவரும் இரண்டு பாஷையும் பேசுவார்கள். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவளுக்கு மலையாளம் எழுத வராது. ஆகவே சினிமாவில் வருகிற கடிதம் சாத்தியமில்லை. மூன்று வருஷத்தில் பேசியதைக் கூட்டினால் பத்து நிமிஷம் தேறும். பரீட்சை எப்போது, அம்மாவுக்கு உடம்பு எப்படி, நாளைக்கு பஸ் ஸ்டிரைக்காமே. பிறகு பொள்ளாச்சிப் பக்கம் முறைப்பையனுக்கு அவளைக் கொடுத்துவிட்டார்கள். அவன் வளைகுடாவுக்குப் போனான். யாரும் சாகவில்லை, யாருக்கும் புத்தி பேதலிக்கவில்லை. அவளைப் போன்றவர்கள்தான் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எடுத்தால் படம் ஓடாது என்பார்கள்.

2018 அக்டோபர் 4-ல் வெளியான '96' நவம்பர் 6 தீபாவளியன்றே சன் டிவியில் வந்துவிட்டது. ஐந்து வாரம்கூட ஆகவில்லை. தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவியில் போடுகிறார்களே என்று படத்தில் நடித்தவர்கள் வருத்தப்பட்டார்கள். ஆனால் தியேட்டருக்குப் போக நேரமும் துணையும் இல்லாத லட்சம் பெண்கள் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார்கள். வடகரப்பதிக்காரியும் பார்த்திருப்பாள், பொள்ளாச்சிப் பக்கத்து வீட்டு ஹாலில். கணவன் நாற்காலியில், மாமியார் கட்டிலில், கல்லூரி போகும் மகள் தரையில். விளம்பர இடைவேளையில் மகள் கேட்கிறாள்:

'ஏம்மா, உனக்கு இப்படி யாராச்சும் இருந்தாங்களா?'

'மோட்டார நிறுத்தினியா? போய்ப் பாரு கண்ணு, தொட்டி நெறைஞ்சு போயிருக்கும்.'

மகள் எழுந்து போகிறாள். தொட்டி நிரம்பியிருக்கவில்லை.